கோடையில சின்னக் கழுதைய எங்க விடறது: புளியமரத்தடியா, கொட்டாயா, மாந்தோப்பா, தளி மேடா?

போன வாரம் காவேரிப்பட்டினத்துல இருந்து எங்க பெரியம்மா பையன் போன் பண்ணான். ரெண்டு சின்னக் கழுதை வாங்கிட்டானாம், புள்ளைங்க ஆசைப்பட்டாங்கன்னு. வாங்கிக் கொண்டாந்து எறக்கின பின்னாடி தான் கேக்குறான், "அண்ணா, வெயில் இந்தப் போடு போடுதே, இதுங்கள எங்க வெக்கறது, தகரக் கொட்டாயில கட்டட்டுமா, மாந்தோப்புல விடட்டுமா, இல்ல ஓசூர் மேட்டுல தளி பக்கம் நம்ம மாமா கொல்லையில ரெண்டு மாசம் கொண்டு போயி விட்ரலாமா, அங்க ஜில்லுனு இருக்குமே"ன்னு. போன்ல சொன்னா பாதி மறந்துடுவான், அதான் எழுதியே குடுத்துடறேன். நான் பாலக்கோடு பக்கம் ஆறு வருஷமா நாலு கழுதை வெச்சிருக்கேன், அவன் கேட்டதுல தளிய தவிர மீதி எல்லாத்தையும் நானே பண்ணிப் பாத்து பட்டுத் திருந்தினவன்.

முதல்ல ஒண்ணு. யூட்யூப்ல குட்டியா, பொம்மையாட்டம் வருமே மினியேச்சர் டாங்கி, அது சிசிலி, சார்டினியா தீவுங்கள்ல இருந்து 1929ல அமெரிக்காவுக்குப் போன சாதி, தோள் உசரம் 36 இஞ்சுக்கு மேல போனா அவங்க அத மினியேச்சர்னே ஒத்துக்க மாட்டாங்க. நம்மூர்ல துணி மூட்டை சுமந்துட்டு இருந்த சாம்பக் கலர் நாட்டுக் கழுதையும் அதவிட ரொம்ப ஒசரம் ஒண்ணும் கெடையாது. எங்கிட்ட இருக்குறதெல்லாம் நாட்டுக் கழுதை தான், தம்பி வாங்கினதும் அதே தான் (அவன் மினியேச்சர்னு நம்பிட்டு இருக்கான், நான் ஒண்ணும் சொல்லல). நாடு பூரா 2012 கால்நடைக் கணக்கெடுப்புல 3.2 லட்சம் இருந்த கழுதை 2019 கணக்கெடுப்புல 1.2 லட்சத்துக்கு வந்துடுச்சு, அதனால எதுவா இருந்தா என்ன, நல்லா வெச்சுக்கோன்னு தான் சொல்லுவேன். வளக்குற முறை ரெண்டுக்கும் ஒண்ணு தான்.

இப்ப விஷயம். எல்லாரும் வெயிலப் பாத்து தான் பயப்படுறாங்க. நானும் மொத வருஷம் அப்படித்தான். ஆனா கழுதை ஆப்பிரிக்காவுல வறண்ட காட்டுல பொறந்த சாதி, நெழலும் நல்ல தண்ணியும் இருந்தா நம்ம கத்திரி வெயில அது தாங்கிடும். அதால தாங்க முடியாதது மழை. குதிர முடியில தண்ணி வழிஞ்சு கீழ ஓடிடும், கழுதை முடி அப்படி இல்ல, பழைய சாக்கு மாதிரி ஊறிடும், தோலு வரைக்கும் எறங்கிடும். நம்ம ஆளுங்க மழை வரலன்னா கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வெப்பாங்க, மாலை எல்லாம் போட்டு. மழை வேணாம்னு நிக்கிற ஒரே ஜீவன புடிச்சு மாப்பிள்ளையாக்கி மழை கேக்குறோம் பாருங்க.

நம்ம பக்கத்துக் கோடை எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. மார்ச்ல காய ஆரம்பிக்கும், ஏப்ரல்ல மாங்கா மழை ரெண்டு மூணு தரம் வந்து போகும், மே 4க்கு மேல கத்திரி, மத்தியானம் மூணு மணி வரைக்கும் பாறை மேல கால் வெக்க முடியாது, நாலு மணிக்கு மேக்கால கருக்கும், சூறைக்காத்து, இடி, சில நேரம் ஆலங்கட்டி, அர மணி நேரத்துல சொட்டச் சொட்ட நனைஞ்சு நடுங்குற அளவுக்கு ஆயிடும். மறுநா காலைல வேர்த்துக் கொட்டும். ஒரு வாரத்துல காஞ்சு கெடந்த கொல்லை பூரா பச்சை. ஜூன் வந்தா காத்தும் சாரலும். இந்த மாறி மாறி அடிக்கிறதுக்குத் தான் எடம் தேடணும், வெறும் வெயிலுக்கு இல்ல. இத மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாப்போம்.

புளியமரத்தடி. தர்மபுரி ஜில்லாவுல மேட்டுக்காடுன்னா வரப்போரமா நாலு புளியமரம் இல்லாம இருக்காது, செலவும் இல்ல, வேலி மட்டும் இருந்தா போதும், ராத்திரி பகல் அங்கயே கெடக்கும். நெழலுக்கு இத அடிச்சிக்க ஆள் இல்ல, தகர ஷீட்டுக்குக் கீழ இருக்குறதவிட மரத்தடி எவ்வளவோ குளிர்ச்சி, காத்தும் ஓடும். மொத வருஷம் நான் இப்படித்தான் விட்டேன். ஏப்ரல்ல ஒரு நா சாயங்காலம் பாலக்கோடு சந்தைக்குப் போயிட்டு திரும்பறதுக்குள்ள புடிச்சுக்கிச்சு மழை, வண்டிய ஒரு கடை ஓரம் நிறுத்திட்டு முக்கா மணி நேரம் நின்னேன். வந்து பாத்தா நாலும் மரத்தோட அடியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பின்பக்கத்த காத்துக்குக் காட்டிட்டு, தலைய கீழ போட்டுட்டு நிக்குது. வெள்ளச்சின்னு ஒரு பொட்டை, அதுக்கு முதுகுல கழுத்துல இருந்து வால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, தோள்ல குறுக்க ஒண்ணு. சாக்கு எடுத்துத் தொடைக்கிறேன், அந்தக் கோட்டு மேல கை வெச்சா உள்ள தோலு நடுங்குறது தெரியுது, தண்ணில கெடந்த குட்டி மாதிரி. பத்து நாள் கழிச்சு அதே எடத்துல முடி கொத்துக் கொத்தா பொருக்கோட உரிஞ்சு வந்துச்சு, மழைப் பத்துன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கும் மேல தனியா நிக்கிற பெரிய மரம்னா இடிக்கு பயந்துக்கிட்டே இருக்கணும். அதனால மரம் பகலுக்குச் சரி, மழைக்கு மரம் கூரை ஆகாது.

சரின்னு அடுத்த வருஷம் கொட்டாய்க்கு மாறினேன். இருந்த சிமெண்ட் ஷீட் கொட்டாய், முன்னாடி மாடு கட்டினது, மூணு பக்கம் சுவரு, முன்னாடி கதவு. காலைல ஆறு டூ ஒம்பது வெளிய, அப்புறம் உள்ள, சாயங்காலம் அஞ்சுக்கு வெளிய, ராத்திரி உள்ள. மழை பிரச்சனை தீந்துச்சு, நாய் பிரச்சனையும் தீந்துச்சு. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போயி நின்னு பாருங்க, அடுப்புக்குள்ள நின்ன மாதிரி, மேல ஷீட்டு கக்குற சூடு, கீழ மூத்திர நாத்தம் கண்ணக் கரிக்கும். கழுதை சும்மா நிக்கையில நிமிஷத்துக்கு 12ல இருந்து 28 மூச்சு விடும், நான் வாட்ச் வெச்சு எண்ணிப் பாத்தேன், நாப்பதுக்கு மேல போச்சு, மூக்கு ஓட்டை அகலமா விரிஞ்சு, வயிறு எக்கி எக்கி. அது கத்தாது, உதைக்காது, பாவம் நின்னுட்டே இருக்கும். அது தான் கழுதையோட பெரிய ஆபத்து, வலியோ சொகமில்லாமயோ இருந்தா மாடு மாதிரி காட்டிக்காது, லேசா மந்தமா இருக்கும், தீனி கொறைக்கும், அவ்ளோ தான். அதுவும் கொழுத்த கழுதை, செனைக் கழுதை ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தா ஒடம்புக் கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல ஏறி ஈரல கெடுத்துடும், காப்பாத்தறது கஷ்டம். "இன்னிக்கு கொஞ்சம் டல்லா இருக்கு, நாளைக்குப் பாப்போம்"னு சொல்ற ஜீவன் இது இல்ல. டெம்பரேச்சர் 37 பக்கம் இருக்கணும், 38 தாண்டினா போன எடுங்க.

கதவு போட்டுப் பூட்ற கொட்டாய் வேணாம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தகர ஷீட்டுன்னா இன்னும் மோசம், சூடு ஒரு பக்கம், ஆலங்கட்டி விழுந்தா பறை அடிச்ச மாதிரி சத்தம், உள்ள இருக்குற கழுதை வெளிய ஓடும், வெளிய இருக்குறது உள்ள வராது.

கயித்துல கட்டி மேய்க்கிறதும், முன்னங்கால் ரெண்டையும் தளை போட்டு ஏரிக்கரையில விடறதும் நம்மூர்ல பழக்கம் தான், அதப் பத்தி நீளமா பேச ஒண்ணும் இல்ல. நெழல் நகந்து போகும், கயிறு நகராது. மழை வந்தா ஓடி ஒதுங்கவும் வழி இல்ல. வேணாம்.

மாந்தோப்பு தான் தம்பிக்கு ஆசை, காவேரிப்பட்டினத்துல தோப்புக்கா பஞ்சம். பாக்கவும் அழகா இருக்கும், அடர்ந்த நெழல், கீழ புல்லு, கழுதை மேயும், களை எடுக்குற கூலி மிச்சம்னு கணக்குப் போடறான். ரெண்டு விஷயம் அவனுக்கு ஒறைக்கல. ஒண்ணு மருந்து. பூ எடுக்கும்போது தத்துப்பூச்சிக்கு அடிக்க ஆரம்பிச்சா பிஞ்சு, காய்னு பல தரம் அடிக்கிறாங்க, நம்ம தோப்புல நாம அடிக்கலன்னாலும் பக்கத்துத் தோப்புக்காரன் அடிச்சது காத்துல வந்து புல்லு மேல படியும். ரெண்டாவது, மே மாசத்துல இருந்து பழம் கொட்டும். பெங்களூரா ரக மாங்கா ஒரு சூறைக்காத்துக்கு மரத்தடி பூரா விழுந்து கெடக்கும், கூழ் பேக்டரிக்காரன் வண்டி வரதுக்குள்ள கழுதை தின்னுட்டு இருக்கும். கழுதைக்கு மாம்பழம்னா உசுரு. ஒண்ணு ரெண்டு நாம நறுக்கிக் குடுத்தா ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு கூடை சக்கரைய ஒரே நாள்ல தின்னா வயித்துவலி, குளம்பு வீக்கம் ரெண்டும் வரும், கொட்டை தொண்டையில மாட்டுறது தனி. அதனால தோப்பு வேணும்னா காய் எறக்கி, கீழ கெடக்கறத பொறுக்கி எடுத்து, மருந்து அடிக்கிற சீசன் முடிஞ்ச பின்னாடி விடுங்க. அப்ப கோடை முடிஞ்சிருக்கும்னு கேக்காதீங்க, ஆமா, முடிஞ்சிருக்கும்.

தளிக்குக் கொண்டு போறது. கேக்க நல்லா இருக்கு, ஓசூர் பக்கம் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் ஒசரம், காவேரிப்பட்டினத்துல ஃபேன் போட்டும் தூக்கம் வராத ராத்திரி அங்க போத்திக்கிட்டு தூங்கலாம், வெள்ளைக்காரனே 1824ல மத்திகிரியில குதிரைப் பண்ணை போட்டான்னா சும்மாவா. ஆனா அது குதிரைக்கு, அதுவும் லாயம் கட்டி, ஆள் வெச்சு. நம்ம கழுதைக்கு அங்க கெடைக்கறது சாரல், ஈர மண்ணு, கொழுந்துப் புல்லு, ராத்திரி குளிரு, அதாவது அதுக்கு ஆகாததெல்லாம் ஒரே எடத்துல. அதோட தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் யானை நடமாட்டம் இருக்கு, கேவுருன்னா மோப்பம் புடிச்சு வரும், கொட்டாய் பக்கத்துல கேவுரு தாளப் போர் போட்டு வெச்சுட்டு கழுதைய கட்டினா யானைக்கு எல வெச்ச மாதிரி ஆயிடும். ஏத்தி எறக்குற டெம்போ அலைச்சல் வேற. மாமா மூஞ்சிக்காக கூட நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்.

அப்ப என்ன தான் பண்றது? நான் இப்ப வெச்சிருக்கறது இது தான். மேடான எடம், மழை பேஞ்சா பத்து நிமிஷத்துல தண்ணி வடியுற எடம். மேக்கயும் தெக்கயும் சுவரு, கெழக்கயும் வடக்கயும் தொறந்து விட்டாச்சு. மேக்குச் சுவரு ரெண்டு வேல செய்யும், மத்தியான வெயில தடுக்கும், ஆனி ஆடிக் காத்தோட வர சாரலயும் தடுக்கும், காலை வெயில் கெழக்கால வந்து தரைய காய வெச்சுடும். நம்ம பக்கம் கல்லுக்கால் சல்லிசா கெடைக்கும், நாலு கல்லுக்கால் நட்டு, மேல சவுக்குக் கொம்பு, அது மேல தென்னங்கீத்து. ரெண்டு கழுதைக்கு 100 சதுர அடி இருந்தா தாராளம். கீத்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தணும், சூறைக்காத்துக்குத் தூக்கிட்டுப் போகாம மேல கயிறு போட்டு கல்லு கட்டித் தொங்க விடணும், எலி வரும், அதெல்லாம் தொல்ல தான், ஆனா ரெண்டு மணி வெயில்ல உள்ள போயி நின்னா வித்தியாசம் புரியும். ஏற்கனவே ஷீட் போட்டுட்டீங்கன்னா கழட்ட வேணாம், ஷீட்டு மேல கீத்து போடுங்க, பாதி சூடு கொறையும். கதவு கெடையாது, அதுவா வரும், அதுவா போகும். ஆச்சரியம் என்னன்னா மத்தியானம் உள்ள நிக்கிறது, ராத்திரி வெளிய போயி மேயறது, மேக்கால கருக்குனா நமக்கு முன்னாடி உள்ள வந்து நிக்கிறது, எல்லாம் அதுங்களே முடிவு பண்ணிக்குது. நான் டைம்டேபிள் போட்டு படாத பாடு பட்டதுக்கு இது எவ்வளவோ மேல்.

கொட்டாய் முன்னாடி கிராவல் கொட்டின ஒரு களம், அதுக்கு அந்தாண்ட தான் மேய்ச்சல், நடுவுல ஒரு கேட்டு. இந்தக் கேட்டு தான் முக்கியம், கொட்டாய விட முக்கியம். ஏன்னா மாங்கா மழைக்கு அப்புறம் வர பச்சை. நாலு மாசம் காஞ்ச புல்லத் தின்னுட்டு இருந்த கழுதை திடீர்னு அந்தக் கொழுந்துல விட்டா வெறி புடிச்ச மாதிரி மேயும். நமக்கும் பாக்க சந்தோஷமா இருக்கும், பாவம் பசியாறட்டும்னு தோணும். ஒரு மாசத்துல புடரி தடிக்கும், தலகாணி உறையில பஞ்சு அடைச்ச மாதிரி, முத்திப் போனா ஒரு பக்கமா சாஞ்சுடும், அப்புறம் நிமிராது. அடுத்தது குளம்பு. உள்ள ரத்த ஓட்டம் கெட்டு வீக்கம் வந்து குளம்பு சுடும், முன்னங்கால முன்னாடி நீட்டி பின்னங்கால்ல எடைய போட்டு நிக்கும், நட சொன்னா முட்டை மேல நடக்குற மாதிரி நடக்கும், இல்லன்னா படுத்தே கெடக்கும். எங்க மொட்டையனுக்கு இது வந்து ரெண்டு மாசம் மணல் கொட்டி அது மேல நிக்க வெச்சேன். அதனால மழை பேஞ்ச பின்னாடி கேட்ட காலைல ரெண்டு மணி நேரம் தான் தொறக்குறது, மீதி நேரம் களத்துல காஞ்ச தீனி.

காஞ்ச தீனின்னா கேவுரு தாளு தான், நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமே இல்ல. நூறு கிலோ கழுதைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை, ஒன்னே முக்கா கிலோ காஞ்ச தீனி போதும், அத நாலு தரமா பிரிச்சுப் போடுங்க, மென்னுட்டே இருக்கணும் அதுக்கு. நல்லா காஞ்ச சோளத்தட்டும் போடலாம், ஆனா பச்சையில கை வெக்காதீங்க. அறுத்த சோளக்கட்டை மழைக்குத் துளுக்கும் பாருங்க, அந்தத் துளுப்புல சயனைடு விஷம் இருக்கும், மாடு தின்னுட்டு வரப்புலயே விழுந்து செத்தத நம்மூர்ல எல்லாரும் பாத்திருப்போம், கழுதைக்கு மாடு அளவுக்கு இல்லன்னாலும் ஆபத்து தான், அதோட குதிர சாதிக்கு பச்சை சோளம் தொடர்ந்து தின்னா மூத்திரப்பை கெட்டு பின்னங்கால் தள்ளாடும். கோ 4 நேப்பியர் புல்லு பக்கத்து வீட்டுல மாட்டுக்கு இருக்குன்னு தூக்கிட்டு வந்து போடாதீங்க, அது பால் மாட்டுக்கான தீனி, சும்மா நிக்கிற கழுதைக்கு இல்ல. கோழித் தீவனம் ஒரு புடி கூட வேணாம், அதுல சேக்குற மோனென்சின் மாதிரி மருந்து கோழிக்கு நல்லது, கழுதைக்கு நெஞ்ச நிறுத்திடும். வேலியோரம் உண்ணிச்செடி, அரளி இருந்தா புடுங்கிடுங்க, பசியில இல்லாத கழுதை தொடாது தான், ஆனா காஞ்ச கொல்லையில பச்சையா இருக்கறது அது ரெண்டு தான்னா வாய் வெச்சுடும்.

தண்ணி பத்தி ஒரு வார்த்தை. சின்னக் கழுதை நாளைக்கு ஒரு குடம், கத்திரியில அதுக்கு மேலயும் குடிக்கும், ஆனா அழுக்குத் தண்ணியா இருந்தா குடிக்காமயே நிக்கும், அதுவும் வறட்சி தாங்குற சாதின்றதால நமக்குத் தெரியவே தெரியாது. கறுப்பு டியூப்ல வர தண்ணி மத்தியானம் டீ போடற சூட்டுல வரும், அத அப்படியே தொட்டியில விட்டா மோந்து பாத்துட்டு திரும்பிக்கும். சிமெண்ட் தொட்டி, நெழல்ல, காலைலயே ரொப்பி, ரெண்டு நாளைக்கு ஒரு தரம் தேய்ச்சுக் கழுவணும். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவுலயும் போர் தண்ணில ஃபுளோரைடு இருக்குறது தெரிஞ்ச கதை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதுக்காகத் தான், அந்தத் தண்ணி நம்ம பல்ல மட்டும் இல்ல, கால்நடை பல்லு, எலும்பையும் கெடுக்கும். ஏரித் தண்ணியோ தொட்டியில புடிச்ச மழைத் தண்ணியோ கலந்து குடுக்க வழி இருந்தா குடுங்க.

மழை நின்ன மறுநாள் மறக்காம பண்றது ரெண்டே வேல. குளம்ப தூக்கி கொக்கியால நோண்டி சேத்த எடுக்கறது, ஈரத்துல ஊறின குளம்பு அழுகி சீழ் கோத்துக்கும். அப்புறம் சாணிய வாரி கொட்டாய்க்குத் தூரமா குப்பையில போடறது, இல்லன்னா ஈ மொய்ச்சு கண்ணோரம் புண்ணாக்கிடும். பெரிய குதிரை ஈ கடிச்சா சர்ரான்னு ரத்தத்துல பூச்சிக் காய்ச்சல் வரும், மழைக்காலம் முழுக்க அந்த பயம் இருக்கு, விட்டு விட்டு காய்ச்சல் வந்து மெலிஞ்சா ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. லாடம் வேணாம், எட்டு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பு சீவினா போதும். முள்ளுக்கம்பி வேலி இருந்தா டெட்டனஸ் ஊசி கட்டாயம் போட்ருங்க, கழுதைக்கு ஜன்னி சட்டுனு புடிக்கும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வசதி இருக்காது, அதுவும் தெரியும். புதுசா கட்ட காசு இல்ல, மரம் மட்டும் தான் இருக்குன்னா மரத்தடிய பகலுக்கு வெச்சுக்கிட்டு, பக்கத்துல நாலு கொம்பு நட்டு மழைக்கு மட்டும் ஒரு தார்ப்பாய்க் கூரை போடுங்க, பச்சை நெட் போட்டு ஏமாறாதீங்க, அது வெயில வடிகட்டும், மழைய வடிகட்டி உள்ள விடும். கொட்டாய் இருக்கு, மேய்ச்சல் நெலம் இல்லன்னா கவலையே படாதீங்க, தாளப் போட்டு களத்துலயே நல்லா வளக்கலாம், சொல்லப்போனா அது தான் சுலபம். ஊருக்குள்ள நாய்த்தொல்ல இருந்து குட்டி இருக்குன்னா ராத்திரிக்கு மட்டும் களத்த சுத்தி செயின்லிங்க் வலை அடிச்சு அடைச்சுக்கலாம், கொட்டாய்க்கு கதவு மட்டும் வேணாம். ஒத்தக் கழுதை வாங்காதீங்க, மழை, இடின்னு வரும்போது தொணை இல்லன்னா மெரண்டு தீனிய விட்டுடும்.

இத எழுதிட்டு இருக்கும்போதே தம்பி வாட்ஸப்ல போட்டோ அனுப்பினான், நேத்து சாயங்காலம் அங்க மழையாம். தகரக் கொட்டாய் காலியா கெடக்கு, தோப்பும் காலி. ரெண்டு கழுதையும் இடிஞ்சு போன பழைய பம்புசெட் ரூமோட மேக்குச் சுவர ஒட்டி, காத்துக்கு மறைவா, மேடான எடத்துல நிக்குது. "கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சும்மாவா சொன்னாங்க அண்ணா"ன்னு சிரிப்பு பொம்மை வேற. அந்தச் சுவர இடிக்காத, அதுல இருந்தே நாலு கல்லுக்கால் நட்டு கீத்து எறக்கு, ஞாயித்துக்கெழம நான் வரேன்னு பதில் போட்ருக்கேன்.